கராச்சிக்கு ஒரு கோடி

ஏகாம்பரம் டைல்ஸ் ஒட்டிய தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால், எந்தப் பக்கம் உருளுவது என்று தெரியாமல் அது அழுதுவிடும். அவ்வளவு மட்டம். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் குளியலறைகளில் பாதி அவர் கை பட்டவை. மீதிப் பாதியில் இன்றும் தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டுகிறது. ரிட்டயர் ஆன பிறகு எனக்கு மிச்சமிருக்கும் ஒரே உத்தியோகம், அவர் யார் வீட்டில் வேலை செய்தாலும் அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது. இதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் லீவும் கிடையாது.

ஏகாம்பரத்துக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. செய்யாறு பக்கம் பூர்வீகம். இங்கே டெல்லியில் வாய்க்கால் ஓரத்துத் தமிழர் குடிசைகளில் பிறந்து அங்கேயே தலை நரைத்தவர். வேலை நேரத்தில் அவருடைய இரண்டு கையும் சிமெண்டுப் பசையில் இருக்கும். அதனால் ஃபோனை சோப்பு மாடத்தில் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். குளியலறைச் சுவருக்கு எதிரொலி வேறு உண்டு. அவர் வீட்டில் உப்புத் தீர்ந்தால் நொய்டா வரைக்கும் தெரிந்துவிடும்.

அந்த ஜூன் மாதம் வெயில் எப்படி அடித்தது என்றால், டெல்லிக் காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு நிழல் பார்த்து நடந்துபோயின. என் வீட்டுக் குளியலறையில்தான் வேலை. சமையலறையில் அவர் மனைவி ராஜாத்தி சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அவள்தான் சமையல். சோப்பு மாடத்தில் ஃபோன் கூப்பிட்டது. ஏகாம்பரம் புறங்கையால் அமுக்கினார்.

“ண்ணா.”

“சொல்லு குஞ்சு. கைல சிமிட்டி.”

“ண்ணா, அவரு போய்ட்டாருண்ணா.”

“டியூட்டிக்கா? இந்நேரத்துக்கா?”

மறுமுனையில் ஒரு கேவல் எழுந்தது. சமையலறையில் பூரிக்கட்டை நின்றது. ஏகாம்பரம் கையில் இருந்த டைலைப் பார்த்தார். பசை தடவியாகிவிட்டது, விட்டால் இறுகிவிடும். அதை அதன் இடத்தில் வைத்தார். ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டினார். விரலால் தடவி மட்டம் பார்த்தார். அதன் பிறகு கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்து, “எப்பம்மா?” என்றார்.

குஞ்சம்மாள் அவருடைய ஒரே தங்கை. கராச்சியில் இருக்கிறாள். இதைக் கேட்டு யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் செய்யாற்றுப் பக்கமிருந்து பிழைக்கக் கிளம்பிய கும்பலில் பாதி டெல்லியில் இறங்கியது; பாதி, தூங்கிப்போய்விட்டதோ என்னவோ, கடைசி ஸ்டேஷனான கராச்சியில் இறங்கியது. அப்போது எல்லாம் ஒரே டிக்கெட். இறங்கி, மூட்டையை அவிழ்த்து, மாரியம்மனுக்கு ஒரு கல்லை நட்டுக் கூழ் ஊற்றிக் கும்பிட்டு நிமிர்ந்தால், நடுவில் கோடு விழுந்திருந்தது.

லாகூருக்குப் பஸ் ஓடிக்கொண்டிருந்த நல்ல காலம் ஒன்று இடையில் வந்தது. அப்போது சுப்பையா என்ற பையன் தன் தாயாரோடு சொந்தக்காரர்களைப் பார்க்கக் கராச்சியிலிருந்து வந்தான். வாய்க்கால் ஓரத்தில் கூழ் ஊற்றும் திருவிழா. கரகம் சுமந்து வந்த குஞ்சம்மாளைப் பார்த்தான். திரும்பிப் போக மறந்தான். டெல்லி கேட்டுக்குப் பக்கத்துப் பஸ் நிலையத்தில் அவளை ஏற்றிவிட மொத்தக் குடிசையும் போயிருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் ஒரு போலீஸ் ஜீப், பின்னால் ஒரு போலீஸ் ஜீப். “எங்க ஜனத்துல எந்தப் பொண்ணுக்கும் இப்படி ஊர்கோலம் நடந்ததில்ல” என்று ராஜாத்தி பல வருஷம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுப்பையா, ஏதோ ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்த்தவன், துணி மூட்டைமேலேயே சாய்ந்துவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது.

“ண்ணா,” என்றது ஃபோன். “கோடி?”

ஏகாம்பரம் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ராஜாத்தி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று, “நாங்க பாத்துக்கறோம், நீ அழுவாத குஞ்சு” என்றாள்.

கோடி என்றால் புதுத் துணி. கணவன் செத்தால் பதினாறாம் நாள் காரியத்தில் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ அதை அவள் தோளில் போர்த்த வேண்டும். அது விழுந்த பிறகுதான் தாலியை இறக்குவார்கள். கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது வேறு யாரும் கோடி போடக்கூடாது. போட்டால் அவனும் செத்துப்போனான் என்று அர்த்தம்.

சேலையில் என்ன இருக்கிறது, கராச்சியில் சேலை கிடைக்காதா என்று நான் ஒரு கேள்வி கேட்டேன். ராஜாத்தி என்னைப் பார்த்த பார்வையில் என் பென்ஷனே நின்றுபோகும்போல் இருந்தது.

சாயங்காலம் நானும் என் மனைவி அம்புஜமும் துக்கம் கேட்கப் போனோம். வாய்க்காலின் வாசனையை நான் எழுதப்போவதில்லை, காகிதம் தாங்காது. வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி நாலைந்து ஆண்கள் குந்தியிருந்தார்கள். தீட்டு என்பதால் கருவாடு இல்லாமல் பருப்புச் சோறும் மிளகு ரசமும் ஆக்கியிருந்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது.

“பஸ்ஸு நின்னுச்சு. ரயிலு நின்னுச்சு. விசா இல்ல. தபாலு கூட வாங்க மாட்டேங்கறான்,” என்றார் ஏகாம்பரம். “வாகா கேட்டாண்ட போயி நின்னா? அந்தாண்ட அவங்க ஆளு வந்து நிக்கட்டும். சுருட்டி வீசிட்டா?”

“சேலைய வீசுவியா? சோத்த வீசுற மாதிரி?” என்றாள் ராஜாத்தி.

“பின்ன நீ வந்து வீசு. ஒனக்குத்தான் கை நீளம்.”

ஒருதடவை நாயைக் குறிவைத்து ராஜாத்தி எறிந்த பூரிக்கட்டையைப் பரீதாபாத்தில் கண்டெடுத்ததாகக் கேள்வி. ஆனால் அவள் அப்போது சிரிக்கவில்லை. தட்டில் ரசத்தை ஊற்றியபடி சொன்னாள்: “அவளுக்குன்னு அந்த ஊர்ல யாரு கீறா? புருசன் வூட்டு ஜனம்தான். பொறந்த வூட்டுலேர்ந்து ஒருத்தன் எட்டிப் பாக்கலன்னா நாளைக்கு எவன் மதிப்பான்? நாதியத்தவன்னு மூலையில தள்ளிருவாங்க. இந்த ஒரு சேலைதான் சார் அவளுக்கு ஆளு.”

மறுநாள் ஏகாம்பரம் வேலைக்கு வராமல், சாணக்யபுரிக்குக் கூட வர முடியுமா என்று என்னைக் கேட்டார். ஆட்டோவில் போனோம். பாகிஸ்தான் தூதரகத்தின் நீலக் குவிமாடம் வெயிலில் மின்னியது. கேட்டில் நின்ற காவலர், விசா எதுவும் தருவதில்லை, திரும்பிப் போங்கள் பாபுஜி என்று மரியாதையாகத்தான் சொன்னார். ஏகாம்பரம் நகரவில்லை. குவிமாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டைலும் டைலும் சேர்ற கூட்டு எங்கயும் தெரியல பாருங்க சார். எவனோ நல்ல கையி.”

“வெயில் கொல்லுது, வாய்யா.”

“சார், இந்தச் செவுத்துக்கு உள்ளாற போனா அது பாகிஸ்தான்தானே?”

“அப்படித்தான் சொல்லிக்கறாங்க.”

“அப்ப இந்தச் செவுத்து மேல சேலைய போட்டுட்டு, குஞ்சு, கோடி போட்டுட்டேன்மான்னு ஃபோன்ல சொன்னா கணக்குல வராதா?”

முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்தவன் நான். எந்தக் கேள்விக்கும் மூன்று பக்கம் பதில் எழுதத் தெரியும். ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

வழி பிறந்தது எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். ஆரிப் கீழக்கரைப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, குடக்கூலிக்கு இருந்தான். மாதம் ஒருமுறை கம்பெனி அவனைத் துபாய்க்குத் துரத்தும். துபாயில் சுப்பையாவின் தம்பி ஏ.சி. மெக்கானிக், அண்ணன் காரியத்துக்குக் கராச்சி போகப்போகிறான். ஆரிப் டெல்லியிலிருந்து துபாய், கொழுந்தன் துபாயிலிருந்து கராச்சி. பக்கத்து வீட்டுக்குக் குழம்புக் கிண்ணம் கொடுக்க ஊரைச் சுற்றிக் கடலைத் தாண்டிப் போகிற கதைதான். ஆனால் போகும்.

“இதுல என்ன இருக்கு மேஸ்திரி,” என்றான் ஆரிப். “என் ரெண்டு சட்டைக்கு நடுவுல வச்சிட்டாப் போச்சு. எங்க உம்மா கீழக்கரையிலேர்ந்து குடுத்து விடுற பொட்டலத்துல மீன் வாடையே அடிக்கும். அதையே கொண்டுபோயிருக்கேன்.”

சேலை எடுக்க ராஜாத்தி சரோஜினி நகருக்குப் போனாள். துணைக்கு அம்புஜம், மூட்டை தூக்க நான். அன்று அந்த மார்க்கெட்டில் ராஜாத்தி பிரித்துப் போட்ட சேலைகளை நீளமாகக் கட்டியிருந்தால் கராச்சிக்கே எட்டியிருக்கும். கடைக்காரர் மூன்றுமுறை தண்ணீர் குடித்தார்.

“பையா, யே நஹீன். மாம்பழக் கலர் திகாவோ. மாம்பழம். ஆம், ஆம்,” என்றாள் ராஜாத்தி. மாம்பழத்துக்கு இந்தியில் ஆம்.

“வெள்ளைதானே போடுவாங்க?” என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

“வாய்க்காக்கரைப் பெருசுங்களும் அதான் சொல்லிச்சிங்க சார். அவளுக்கு இன்னா வயசாவுது? வெள்ளைய எவன் சொன்னானோ அவனுக்கே சுத்தி வுட்டுட்டு வந்தேன்.”

கடைசியில் மாம்பழக் கலரில் அரக்குப் பார்டர் வைத்த சேலை. வீட்டுக்கு வந்து நாலு முனையிலும் மஞ்சள் தடவினாள். மடித்துத் தாம்பாளத்தில் வைத்ததும் ஏகாம்பரம் கை கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார். சிமெண்டு அரித்த விரலில் நூல் மாட்டிக்கொள்ளும் என்று உடனே கையை எடுத்துவிட்டார்.

ஆரிப் கிளம்புவதற்கு முந்தின நாள் ஏகாம்பரம் ஜகந்நாதன் வீட்டில் வேலையாக இருந்தார். ஜகந்நாதன் என் பழைய சகா. அவருடைய மகன் அபினவ் டெல்லியில் பிறந்தவன். பேங்க் சம்பந்தமான வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பான். கெட்ட பையன் இல்லை; லிஃப்டில் என்னைப் பார்த்தால் என் பையை வாங்கிக்கொள்வான். அவனுடைய தமிழ், வீட்டில் சாதம் கேட்கவும் ‘அப்பா, டேங்க் ரொம்பிடுச்சு’ என்று சொல்லவும் போதுமானது. அன்று குளியலறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தான். எதிரொலியோடு அவன் காதில் விழுந்தது இது:

“ண்ணா, கோடி வந்துரும்ல?”

“வந்துரும் குஞ்சு. கோடி ரெடியா கீது. ஆரிப் தம்பி கைல குடுத்து துபாய்க்கு அனுப்பறேன். அங்கேர்ந்து உன் கொழுந்தன் கராச்சிக்குக் கொண்டாந்துருவான்.”

“வழியில கஸ்டம்ஸ்ல புடிச்சுக்கினா?”

“துணிங்களுக்கு நடுவுல வச்சிருவான். எவனுக்குத் தெரியும்?”

“ஒரு கோடி போதும்ணா. அண்ணி இன்னொண்ணு தரேன்னு சொல்லிச்சு. நீ கஷ்டப்படாத.”

“ஒரு கோடிதான்மா இப்ப. பொறவு பாத்துக்கலாம்.”

அபினவுக்குத் தெரிந்த கோடி ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஏழு சைபர். கராச்சி, துபாய், ஆரிப், துணிக்கு நடுவில் ஒரு கோடி. பையன் வெகுநேரம் யோசித்திருக்கிறான் என்றுதான் பின்னால் கேள்விப்பட்டேன். அப்புறம் ஃபோனை எடுத்திருக்கிறான்.

எங்கள் சொசைட்டி வாசலில் வந்து நின்றது ஒரே ஒரு ஜீப். அன்றிரவே அதை நான் நாலு ஜீப் ஆக்கிவிட்டேன், இப்போது நாற்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏகாம்பரத்தைச் சிமெண்டுக் கையோடு ஏற்றினார்கள். ஆரிப்பை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கினார்கள். அவன் பெட்டி, நடுவில் சேலையோடு, திறந்தபடி வந்தது. எல்லா பால்கனியிலும் ஆட்கள் நின்றார்கள். நானும் நின்றேன். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் மீசை வைக்காத இளைஞர். மேஜைமேல் மாம்பழக் கலர் சேலை கிடந்தது. ஏகாம்பரம் சுவரோரம் நின்றார்.

“கரோட் எங்கே?” என்று அந்த ஏழு சைபர் கோடியை இந்தியில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“அதான் சாஹப், இதோ,” என்று ஏகாம்பரம் சேலையைக் காட்டினார். “இதான் கோடி.”

“இது சேலை.”

“ஆமா சாஹப். கோடி.”

“இதற்குள் ஒரு கரோடா?”

“இதுக்குள்ள ஒண்ணும் இல்ல சாஹப். இதேதான் கோடி.”

இப்படி எத்தனை சுற்று நடந்ததோ, நான் போனபோது இரண்டு பேருமே களைத்திருந்தார்கள். நான் என் இந்தியை அவிழ்த்துவிட்டேன். தமிழில் கோடி என்றால் கரோட். கோடி என்றால் புதுத் துணியும்தான். தங்கை விதவையானாள், அண்ணன் துணி போட வேண்டும். இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“துணிக்கும் கரோடுக்கும் ஒரே வார்த்தையா? பிறகு கணக்கு எப்படித்தான் போடுகிறீர்கள் நீங்கள்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. மூலை பெஞ்சில் இருந்த ஆரிப் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் போக வேண்டிய விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“எனக்குப் புரிகிறது, அங்கிள்,” என்றார் இன்ஸ்பெக்டர். “என் மேலே இருப்பவருக்கு நான் எழுத வேண்டும். அவர் அவருக்கு மேலே எழுதுவார். கராச்சி என்று ஒரு வார்த்தை வந்துவிட்டதல்லவா. துணியைச் சோதிக்காமல் தர முடியாது. ஃபோனும் இங்கே இருக்கட்டும். இந்தப் பையன் பாஸ்போர்ட்டும்.”

ஏகாம்பரம் முன்னால் வந்தார். “சாஹப், ஃபோனை வச்சிக்கங்க. என்னைக் கூட வச்சிக்கங்க. தம்பியையும் சேலையையும் வுட்டுடுங்க. நாள் தாண்டிட்டா இது கோடி இல்ல சாஹப், வெறுஞ்சேலை.”

இன்ஸ்பெக்டர் சேலையை மடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார். நன்றாகத்தான் மடித்தார். அவர் வீட்டிலும் சேலை கட்டுகிறவர்கள் இருப்பார்கள் போலும்.

ஏகாம்பரத்தையும் ஆரிப்பையும் மறுநாள் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கராச்சி நம்பருக்கு யாரும் பேச வேண்டாம், விசாரணை முடியட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். என் ஃபோனிலிருந்து பேசச் சொன்னேன். “உங்க வூட்டுக்கும் ஜீப்பு வரணுமா சார்?” என்றார் ஏகாம்பரம். கொழுந்தன் துபாயில் விமான நிலையத்தில் ஆரிப்புக்காகக் காத்திருந்து, ஒன்றும் புரியாமல் வெறுங்கையோடு கராச்சிக்குப் போயிருப்பான்.

பதினாறாம் நாள் ஏகாம்பரம் என் வீட்டில் கூட்டு அடைக்கும் வேலைக்கு வந்தார். வெள்ளைச் சிமெண்டைத் தண்ணீரில் குழைத்து டைல்களுக்கு நடுவே உள்ள கோடுகளில் ரப்பர் பட்டையால் இழுத்துவிடுவது. இழுத்ததும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும், தாமதித்தால் ஒட்டிக்கொள்ளும். அவர் பாட்டுக்கு இழுத்தார், துடைத்தார்.  வெயில் உச்சிக்கு வந்ததும் எழுந்து, புதுக் குழாயைத் திறந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

“சார், கராச்சி எந்தப் பக்கம்?”

நான் ஜன்னல் வழியாகத் தென்மேற்கைக் காட்டினேன். அந்தப் பக்கம் மெட்ரோ பாலமும், அதற்குப் பின்னால் தூசியில் மங்கிய அடுக்கு மாடிகளும் இருந்தன. அவர் ஈர வேட்டியோடு அந்தத் திசையைப் பார்த்துச் சற்றுநேரம் நின்றார். கும்பிடவும் இல்லை. பிறகு உட்கார்ந்து மிச்சக் கோட்டை அடைத்தார்.

சேலை திரும்பி வரும்போது மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. ராஜாத்தி அதை எங்கள் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். நாலு முனை மஞ்சளையும் யாரோ சுரண்டிப் பார்த்திருந்தார்கள். முந்தானைக் குஞ்சத்தை அவிழ்த்திருந்தார்கள். உள்ளே ஏதாவது வைத்துத் தைத்திருக்கிறதா என்று பார்டரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பிரித்திருந்தார்கள். சேலை தனி, பார்டர் தனி.

“பார்டரையும் பிரிச்சிட்டாங்க. ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க,” என்றாள் ராஜாத்தி.

அன்று மாலையே ஜகந்நாதன் மகனை இழுத்துக்கொண்டு வந்தார். அபினவின் கண் வீங்கியிருந்தது.

“அங்கிள், நான்... கோடின்னா எனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். ஸாரி. ரொம்ப ஸாரி. நான் ஒரு புது ஸாரி வாங்கித் தரேன். எவ்ளோ ஆனாலும்.”

“ஸாரின்னா ஒனக்கு ரெண்டு அர்த்தம் தெரியுதே கண்ணு,” என்றாள் ராஜாத்தி.

“விடு ராஜாத்தி,” என்றார் ஏகாம்பரம். அபினவிடம் திரும்பி, “தம்பி, நீ வாங்கினா அது ஒன்னோட கோடி. நீ அவளுக்கு அண்ணனா? போய் சாப்புடு, போ. அந்தப் பாத்ரூம் கதவாண்ட ஒரு டைலு பாக்கி கீது. நாளைக்கு வந்து முடிச்சிர்றேன்.” பையன் போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் கதவுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றான்.

ஆரிப்பை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் சொசைட்டிக்காரர்கள் படித்தவர்கள். அவன் லிஃப்டில் ஏறினால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் கட்டடத்தில் இருப்பது ஒரே லிஃப்ட். அந்த மாதக் கடைசியில் அவன் குர்காவுன் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனான். போகும்போது, “மேஸ்திரி கிட்ட சொல்லுங்க அங்கிள், அடுத்த தடவைன்னு ஒண்ணு இருந்தா என்னைக் கேக்க வேணாம்னு” என்றான். சொல்லிவிட்டு, தானே வாய்க்கால் பக்கம் நடந்து போய் ஏகாம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தான். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியானம், எங்கள் சமையலறையில் ராஜாத்தியின் ஃபோன் அடித்தது. தொண்ணூற்றிரண்டில் ஆரம்பிக்கும் பாகிஸ்தான் நம்பர். ஏகாம்பரம் சாப்பிட வந்திருந்தார். யாரும் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. அம்புஜம்தான், “எடேன்டி, வர்றது வரட்டும்” என்றாள்.

ராஜாத்தி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்தாள்.

“அண்ணி, எங்கண்ணன் உசுரோட கீதா?”

ஏகாம்பரம் எச்சில் கையோடு ஃபோனுக்கு மேல் குனிந்தார். “கீறேன்மா.”

அந்தப் பக்கம் அழுகை. இந்தப் பக்கமும்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்னார்: போலீஸ், சேலை, ஆரிப், கோடி என்றால் ரூபாய் என்று நினைத்த கதை. அழுகைக்கு நடுவில் குஞ்சம்மாள் ஒருதரம் சிரித்துவிட்டாள். “ஹாய் அல்லா, ஒரு கோடியா? ஜிந்தகில நூறு ரூவாய ஒண்ணா பாத்ததில்லையேண்ணா நாம.” வாழ்க்கைக்கு இந்தப் பக்கத்துத் தமிழில் கலந்திருக்கும் ஜிந்தகி இந்தி என்றும், அந்தப் பக்கத்துத் தமிழில் கலந்திருக்கும் ஜிந்தகி உருது என்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டது.

“அன்னிக்கு இன்னாம்மா பண்ண?”

“எல்லாரும் ஒக்காந்திருந்தாங்க. கொழுந்தன் வெறுங்கையோட வந்துச்சு. அண்ணன்கிட்டேர்ந்து வரல, ஃபோனும் எடுக்கல, அப்ப அண்ணன் இல்லன்னுதான் அர்த்தம், நாங்களே போட்டுடறோம்னு ஒரு சேலைய எடுத்துக்கினு வந்தாங்க. நா தோளத் தரல. எங்கண்ணன் கீறான்னு சொல்லிட்டேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் இன்னா. கோடி விழல. தாலிய எறக்கல. கழுத்துலதான் கெடக்கு. பூவும் பொட்டுமாத்தான் கீறேன். பொம்பளைங்க ஒரு மாதிரி பாக்குறாங்க. பாக்கட்டும்.”

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“வேற ஒண்ணு வாங்கி, எப்படியாவது அனுப்பவாம்மா?”

“வேணாம்ணா. யாரு கைலயும் அனுப்பாத. பாவம், அந்தத் தம்பிய அலையவச்சது போதும். கேட்டு தெறந்தா நீயே எடுத்துக்கினு வா. ஒன் கையால போடு. அன்னிக்கு எறக்கிக்கறேன்.”

“எப்ப தெறப்பானோ, எவனுக்குத் தெரியும்.”

“தெறக்காட்டி போவுது. தெறக்கற வரைக்கும் அவரு கீறவருதான்.”

மழை பெய்யத் தொடங்கியிருந்தது. ராஜாத்தி அடுப்பை அணைத்தாள். ஏகாம்பரம் தட்டில் இருந்த சோற்றை விரலால் ஒதுக்கினார், மறுபடி கலந்தார். பிறகு ஃபோனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், மெதுவாகக் கேட்டார்.

“மச்சான் சாப்ட்டாரா?”

 கராச்சியில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“இன்னும் இல்லண்ணா,” என்றாள் குஞ்சம்மாள். “சோறு மூடி வச்சிருக்கேன்.”